அமெரிக்கா ரெப் வருகிறார்

வக்கீல் ஆதிமூலம் பதினான்கு வருஷமாகப் புதுச்சேரியில் கொம்யூன் பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் போட்டியிட்டுக்கொண்டிருந்தார். வேட்பாளர் தயார். வாக்காளர்கள் தயார். வில்லியனூர் பஸ் ஸ்டாப் எதிரே கைகூப்பி நிற்கும் டிஜிட்டல் பேனரும் தயார். தேர்தலைத்தான் யாரும் நடத்தவில்லை. பேனர் வெயிலில் வெளுக்க வெளுக்க அவர் புதிது போடுவார். ஒவ்வொன்றிலும் தலைமயிர் கொஞ்சம் குறையும், அடைமொழி ஒன்று கூடும். கடைசியாகப் போட்டதில் 'வாழும் வரலாறே' என்றிருந்தது. நடக்காத தேர்தல் என்பதால் அவர் தோற்கவும் இல்லை. பதினான்கு வருஷமாகத் தோற்காதவர் என்ற வகையில் சொந்த ஊரான சுத்துக்கேணியில் அவருக்கு ஒரு மரியாதை இருந்தது.

அப்படிப்பட்டவர் ஒரு புதன்கிழமை காலை இட்லியைப் பிட்டு வாயில் வைத்த நேரத்தில், ஊர் நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி விழுந்தது. 'நம்ம உலகநாதன் அமெரிக்காவுல எலெக்‌ஷன்ல ஜெயிச்சிட்டான். ஸ்டேட் ரெப்ரசென்டேட்டிவ்.' கீழே எண்பத்தேழு பேர் கைதட்டியிருந்தார்கள். இவர் போன மாதம் போட்ட பேனர் படத்துக்கு மூன்று பேர் கைதட்டியிருந்தார்கள், அதில் ஒருவர் பேனர் அடித்த கடைக்காரர்.

இட்லி தொண்டையைத் தாண்டவில்லை. அதிர்ச்சி, வியப்பு என்றெல்லாம் நல்ல பெயர் வைத்துப் பயனில்லை. அது பொறாமை. சுத்தமான, கலப்படமில்லாத பொறாமை.

உலகநாதனும் ஆதிமூலமும் ஒரே தெரு, ஒரே பெஞ்சு, ஒரே சட்டக் கல்லூரி. ஆதிமூலம் முதல் வகுப்பில் தேறினார். உலகநாதன் சொத்துரிமைச் சட்டத்தை மூன்று முறை எழுதினான். அவன் வாதாடிய முதல் வழக்கில் எதிர்க்கட்சி வக்கீல் அவ்வளவு நன்றாகப் பேசியதைக் கேட்டு இவனுடைய கட்சிக்காரரே அவருக்குக் கைகொடுத்துவிட்டு வந்தார். பிறகு ஆரோக்கியசெல்வி என்ற நர்ஸைக் கட்டிக்கொண்டு, அவளுக்கு வேலை கிடைத்த அமெரிக்காவுக்குப் பின்னாலேயே போனான். பெட்ரோல் பங்கில் நின்றான், திரும்பவும் சட்டம் படித்தான், வாடகை வீட்டிலிருந்து துரத்தப்படுகிறவர்களுக்காக வழக்குப் பேசினான். அவன் பெயர் அங்கே யார் வாயிலும் நுழையவில்லை. உலகத்தை எடுத்துவிட்டு நாதனை மட்டும் வைத்துக்கொண்டார்கள், அதையும் நேத்தன் என்றார்கள். ஐம்பத்து மூன்று வயதில் தேர்தலில் நின்றான், ஜெயித்தான்.

"இன்னாங்க, சாப்புடாம ஒக்காந்துக்கினு இருக்கீங்க?" என்று கேட்டாள் மனைவி விஜயராணி. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் ஒப்பந்த நர்ஸ். போனை வாங்கிப் படித்தாள். சிரித்தாள்.

"செல்வியும் நானும் ஒண்ணாத்தான் அமெரிக்கா போற நர்ஸு பரீட்ச எழுதனோம். ரெண்டு பேருமே பாஸு. 'நான் இங்க தலைவராகப்போறேன், நீ அங்க போய் எவனுக்கோ பெட்பேன் தூக்குவியா'ன்னு சொன்னது யாரு?"

"பழசெல்லாம் இப்ப எதுக்கு?"

"இங்கயும் அத்தத்தான் தூக்கிக்கினு இருக்கேன். அதான் சொன்னேன்."

அன்று முழுக்க ஆதிமூலம் கட்சிக்காரர்களைக் காக்கவைத்துவிட்டு இணையத்தில் ஆராய்ச்சி செய்தார். அமெரிக்காவிலேயே அது ஒரு சின்ன மாநிலம், பாதி வருஷம் பனி. ஆனால் சபையில் நானூறு உறுப்பினர்கள். உலகநாதன் தொகுதியின் ஜனத்தொகை மூவாயிரத்துச் சொச்சம். ஆதிமூலத்துக்கு மூச்சு வந்தது. திருக்கனூர் கடைத்தெருவில் பொங்கலுக்கு முந்தைய நாள் நிற்கிற கூட்டத்தைவிடக் குறைவு! முழங்கால் பனியில் நின்றுகொண்டு உலகநாதன் தன் பெயர்ப் பலகையைத் தானே சுத்தியலால் அடிக்கும் படம் ஒன்றும் கிடைத்தது. ஒரு தொண்டன்கூட இல்லை. அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டார்.

மூன்றாம் நாள் அரசாங்கம் குறுக்கிட்டது.

புதுச்சேரியில் 'அயலகச் சாதனையாளர் வரவேற்புத் துறை' என்று ஒன்று இருந்தது. தொடங்கி ஆறு வருஷமாகியும் இதுவரை ஒருவரையும் வரவேற்றதில்லை. வரவேற்பதற்கான விதிகளை எழுதுவதிலேயே ஆறு வருஷமும் போயிருந்தது. இப்போது விதிநூல் முடிந்து, வரவேற்க ஓர் ஆள் தேவைப்பட்ட நேரம். உலகநாதன் தை மாதம் ஊருக்கு வருகிறான் என்று தெரிந்ததும் துறையே எழுந்து நின்றது.

விழாவில் வாசிக்கவும் அச்சடித்துக் கொடுக்கவும் 'வாழ்வும் பணியும்' என்று ஒரு குறிப்பு வேண்டும், கூடப் படித்தவர் எழுதினால் பொருத்தமாக இருக்கும் என்று ஆதிமூலத்தைக் கூப்பிட்டவர் ஜெயசீலன். ஆளும் கட்சியின் தொகுதிப் பொறுப்பாளர், வாய்க்கால் அழகூட்டு வாரியத் தலைவர். வாய்க்கால் எதையும் அவர் இதுவரை அழகூட்டியதாகத் தெரியவில்லை.

"முடியாது" என்று சொல்ல ஆதிமூலம் வாயைத் திறந்தார்.

"ஆதி, சட்டமன்றத் தேர்தல் வருதுல்ல, நம்ம தொகுதிக்கு லிஸ்ட்ல மொதப் பேரு ஒன்னுதுதான்" என்றார் ஜெயசீலன். "சுகாதார அமைச்சர் வர்ராரு. ஒன் தமிழக் கேக்கணும். விழா நல்லா நடந்துச்சுன்னா டிக்கெட் ஒனக்கு. கொம்யூன்லாம் விடு, எம்எல்ஏடா!"

திறந்த வாய் அப்படியே "எப்பக் குடுக்கணும்?" என்று கேட்டது.

ஆக, உலகத்தில் யாரைக் கண்டால் வயிறு எரியுமோ அவனைப் புகழ்ந்து எட்டுப் பக்கம் எழுதினால் எம்எல்ஏ. ஆதிமூலம் எழுதினார். 'சொத்துரிமைச் சட்டத்தை மூன்று முறை ஆழ்ந்து பயின்றவர்' என்று எழுதினார். 'எதிர்க்கட்சியினரும் வென்று மகிழும் வண்ணம் வாதிடும் பண்பாளர்' என்று எழுதினார். ஒவ்வொரு வரியும் உண்மை, ஒவ்வொரு வரியிலும் ஒரு ஊசி. படித்துப் பார்த்தபோது தனக்கு இவ்வளவு எழுத்துத் திறமை இருப்பதை இந்த ஊர் கண்டுகொள்ளவில்லையே என்று வருத்தமாகக்கூட இருந்தது.

துறை இயக்குநர் சிங்காரவேலு அதை நான்கு நாள் படித்துவிட்டுக் கூப்பிட்டனுப்பினார். கண்காணிப்பாளர் ஸ்டெல்லா கோப்போடு பக்கத்தில் நின்றார்.

"பிரமாதமா எழுதியிருக்கீங்க. ஒரே ஒரு வார்த்ததான் ஒதைக்குது. ஸ்டேட்."

"அவரு ஸ்டேட் ரெப்ரசென்டேட்டிவ்தானே சார்?"

"இருக்கட்டும். நமக்கு ஸ்டேட் இருக்கா?"

"இல்ல சார். யூனியன் பிரதேசம்."

"மாநில அந்தஸ்து குடுங்கன்னு எத்தன தீர்மானம் போட்டிருப்போம், ஸ்டெல்லா?"

"எண்ணிக்கைக்கே தனி ஃபைல் இருக்கு சார்."

"பாருங்க. இவ்ளோ பெரிய அரசாங்கம், சட்டமன்றம், அமைச்சரவ எல்லாம் வெச்சுக்கினு நாம கேட்டு நமக்குக் கெடைக்கல. சுத்துக்கேணியில கரும்பு தின்னுக்கினு இருந்த ஒரு ஆளு, அத்தப் பேருக்கு முன்னாடி மாட்டிக்கினு வந்து நம்ம மேடையிலயே ஒக்காருவாரு. அத்த நாம அரசாங்கச் செலவுல அச்சடிக்கணுமா? பொறாமையில சொல்லல. விதி. ஸ்டேட்ட எடுத்துருங்க."

ஆதிமூலத்துக்கு அந்த மனிதர்மேல் அன்பே வந்துவிட்டது. ஸ்டெல்லாதான் மெதுவாகச் சொன்னார்: "சட்டமன்ற உறுப்பினர்னு போட்டுரலாமே சார்? அதானே அர்த்தம்."

"போட்டா, நம்ம விதி நூத்திப் பதினொண்ணுப்படி கைப்பிடி வெச்ச நாற்காலி குடுக்கணும். இருக்கறது நாலு. நாலுக்கும் ஆளு முடிவாகிடுச்சு. கைப்பிடி இல்லாத நாற்காலிக்கு எது பொருந்துமோ அந்தப் பதவியத்தான் நாம குடுக்க முடியும்."

எஞ்சியது ரெப்ரசென்டேட்டிவ். அழைப்பிதழ்ப் படிவத்தில் பதவிக்கு ஒதுக்கிய கட்டம் சின்னது. 'ரெப்' என்பதற்குத்தான் இடமிருந்தது. 'அமெரிக்கா ரெப் திரு. உலகநாதன்' என்று தட்டச்சாகி வந்தது.

"சார், ரெப்புன்னா நம்ம ஜனங்க மருந்துக் கம்பெனி ஆளுன்னு நெனச்சுக்குவாங்க" என்றார் ஸ்டெல்லா. "டாக்டர் ரூம் வாசல்ல பைய வெச்சுக்கினு, டை கட்டிக்கினு நிப்பாங்களே, அவங்கதான் ரெப்பு."

"அது பொதுமக்கள் பிரச்சன. துறையோட பிரச்சன இல்ல. வக்கீல் சார் சொல்லட்டும், தப்பிருக்கா?"

ஆதிமூலம் அழைப்பிதழைப் பார்த்தார். ஒரே ஒரு வாக்கியம் போதும், சரியாகிவிடும். கூடப் படித்தவன், விளையாட்டில் தனக்காக அடி வாங்கியவன். அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. எண்பத்தேழு கைதட்டல்கள் நினைவுக்கு வந்தன.

"சட்டப்படி தப்பில்ல சார்" என்று கையெழுத்துப் போட்டார். வில்லியனூர் வரும்வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தும் கால் வலிக்கவில்லை.

ஒரு வாரத்தில் மண்ணாடிப்பட்டு பக்கம் முழுக்க விஷயம் பரவிவிட்டது. அமெரிக்காவிலிருந்து பெரிய மருந்து ரெப் வருகிறார், நம்ம ஊர்ப் பையன்தான், பை நிறைய சாம்பிள் மாத்திரை கொண்டுவருகிறார், சர்க்கரைக்கு ஒன்று போட்டால் ஒரு வருஷம் தாங்குமாம். ஆஸ்பத்திரிக்கு வந்த காசம்மாள், "அவரு முட்டி வலிக்குக் குடுப்பாரா, இல்ல சக்கரைக்கு மட்டுந்தானா?" என்று விஜயராணியைப் பிடித்துக்கொண்டாள்.

விஜயராணி வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கேட்டாள். "அவரு எம்எல்ஏ மாதிரின்னு நீங்க சொன்னா ஊரு கேக்கும்ல? ஏன் சொல்ல மாட்றீங்க?"

"துறை முடிவு. நான் தலையிட முடியாது."

"ஒங்க மூஞ்சியப் பாத்தா துறை மாதிரி இல்லையே. தீபாவளி மாதிரி இருக்குதே."

விழா நாள் வந்தது. சுத்துக்கேணி பள்ளி மைதானத்தில் பந்தல். கைப்பிடி நாற்காலிகள் நான்கும் மேடை நடுவில். ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உலகநாதன். உடம்பு பெருத்து, வேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ட் போட்டிருந்தான். ஆதிமூலத்தைக் கண்டதும் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"இன்னாடா ஆதி! பஸ் ஸ்டாப்புல பேனரு பாத்தேன். ராஜா மாதிரி இருக்கடா. அங்க எனக்கு ஒரு பலக நடக்கூட ஆளில்ல. நெசமாச் சொல்றேன், பொறாமையா இருந்துச்சு."

கிண்டல் செய்கிறான் என்று ஆதிமூலம் நினைத்தார். கிண்டல் செய்யவில்லை என்று தெரிந்தபோது இன்னும் எரிந்தது. பொறாமைப்படுவதில்கூட அவன் இவரைவிடப் பெருந்தன்மையாக இருந்தான்.

சால்வை தொடங்கியது. சால்வை பதினொன்று, போர்த்துகிறவர்கள் அறுபத்து மூன்று பேர். முன்னால் போர்த்தப் போர்த்தப் பின்னாலிருந்து உருவி, மடித்து, வரிசையின் கடைசிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது துறை. விதிநூலில் இதற்கு 'சுழற்சி முறைக் கௌரவிப்பு' என்று பெயர். ஒன்றேகால் மணி நேரம் நடந்தது.

சிங்காரவேலு பேசினார்: "இந்தத் துறை இல்லையென்றால் இவர் யாரையோ போல வந்து யாரையோ போலப் போயிருப்பார். இவருக்குப் பெருமை சேர்த்தது அமெரிக்கா அல்ல, அரசாணை எண் நாற்பத்தாறு!"

அமைச்சர் எழுந்தார். குரல் தழுதழுத்தது. "உலகநாதன் ஏன் வளர்ந்தார்? அமெரிக்கா போனதால் வளர்ந்தார். இங்கேயே இருந்திருந்தால் நாங்கள் விட்டிருப்போமா?" கூட்டம் கைதட்டியது. தான் சொன்னது என்னவென்று அவருக்குத் தெரிந்ததாகவே தெரியவில்லை. இன்னும் இரண்டு முறை அழுத்திச் சொன்னார்.

பிறகு ஆதிமூலம் மைக்கைக் கையில் வாங்கி வாழ்வும் பணியும் வாசித்தார். மூன்று முறை பயின்றதை வாசித்தார், எதிர்க்கட்சி மகிழ்ந்ததை வாசித்தார். கடைசி வரியைக் கொஞ்சம் நிறுத்தி, ருசித்து வாசித்தார்: "அமெரிக்காவில் தற்போது ரெப்பாகப் பணியாற்றி வருகிறார்!"

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் கூட்டம் காலையிலிருந்து காத்திருந்தது. காசம்மாள் மருந்துச் சீட்டைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு எழுந்தாள். அவளுக்குப் பின்னால் ஐம்பது சீட்டு, நூறு சீட்டு. "தம்பி, முட்டிக்கு!" "சாரு, பிரஷர் மாத்தர!" "எங்க வூட்டுக்காரருக்கு ஃபிட்ஸு வருதுபா!" மேடைப் படிக்கட்டு நிரம்பியது. பின்னாலிருந்து அமைச்சர் குனிந்து உலகநாதன் காதில், "எனக்கும் ஒரு ஸ்ட்ரிப் எடுத்து வைங்க" என்றார்.

உலகநாதன் திகைத்தான். ஆதிமூலம் தாளால் வாயை மறைத்துக்கொண்டார். இப்போது அவமானத்தில் சிவப்பான், கோபப்படுவான், நான் மருந்து விற்கிறவனில்லை என்று கத்துவான். அதைப் பார்க்கத்தான் அவரும் காத்திருந்தார்.

உலகநாதன் காசம்மாளிடமிருந்து சீட்டை வாங்கிப் படித்தான். "இதே வேலதான்யா எனக்கு அங்கயும்" என்றான். "மாத்தர கெடைக்கல, வெல ஏறிடுச்சுன்னுதான் வூடு வூடா அழுவறாங்க. வாங்க, ஒக்காந்து பேசுவோம்." பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி வேப்பமரத்தடியில் போட்டான். கூட்டம் முழுக்க அவன் பின்னால் போயிற்று. மேடையில் நான்கு கைப்பிடி நாற்காலிக்காரர்களும் ஆதிமூலமும் மட்டும் மிஞ்சினார்கள்.

ஆதிமூலம் வெட்டிய குழிக்குள் அவன் விழவில்லை. அதில் இறங்கி உட்கார்ந்து தர்பார் நடத்திக்கொண்டிருந்தான்.

"சீட்டுல எழுதியிருக்கறது எனக்குப் புரியல. யாராவது நர்ஸு இருக்கீங்களா?" என்று உலகநாதன் கேட்டபோது விஜயராணி முன்னால் வந்தாள். "நீ விஜயாதானே? செல்வி ஒன்னப் பத்திப் பேசாத நாளில்லம்மா."

விஜயராணி ஒவ்வொரு சீட்டாக வாங்கினாள், ஒரு நோட்டில் பெயர் எழுதினாள். இருபதாவது சீட்டில் நிமிர்ந்தாள். "இதுல பாதி நம்ம ஆஸ்பத்திரிக்கே வரவேண்டிய மாத்தரண்ணா. நாலு மாசமா வரல. லெட்டரு மேல லெட்டரு போட்டாச்சு."

"யாராண்ட கேக்கணும்?"

"மேடையிலதான் ஒக்காந்திருக்காரு."

அவள் நேராகப் போய், கணவர் கையிலிருந்த மைக்கை வாங்கினாள். நோட்டைப் பார்த்து வாசித்தாள். காசம்மாள், முட்டி, நாலு மாசம். ஆரோக்கியசாமி, ஃபிட்ஸ், மூணு மாசம். எழுபத்தொரு பெயர். ஒரு அடைமொழி கிடையாது. வாசித்து முடித்துவிட்டு, "ஐயா, எப்ப வரும்?" என்று கேட்டாள்.

வெளிநாட்டு விருந்தாளி உலகநாதன் போனில் படம்பிடித்துக்கொண்டிருந்தான். அமைச்சர் "நாளைக்கு" என்றார். அப்படி ஒரு சொல் தன் வாயிலிருந்து வந்ததில் அவருக்கே ஆச்சரியம். மறுநாள் சாயங்காலம் மாத்திரை வந்தது. ஊர் ஒரு வாரம் வேறு எதையும் பேசவில்லை.

உலகநாதன் விமானம் ஏறிய மறுநாள், ஜெயசீலன் கார் வீட்டு வாசலில் நின்றது. ஆதிமூலம் சலவைச் சட்டை மாட்டிக்கொண்டு ஓடிவந்தார். ஜெயசீலன் அவரைத் தாண்டி உள்ளே எட்டிப்பார்த்தார்.

"சிஸ்டர் இல்லையா?"

"எதுக்கு? டிக்கெட் விஷயம்தானே, என்னாண்ட சொல்லுங்க."

"அவங்க டிக்கெட்ட ஒன்னாண்ட எப்டிப்பா சொல்றது?"

ஆதிமூலத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் உள்ளேயிருந்த வக்கீல் குதித்தெழுந்தார். "அவ ஆஸ்பத்திரி ஒப்பந்த ஊழியரு! சட்டப்படி நிக்கக்கூடாது!"

"ராஜினாமா பண்ணட்டும்."

விஜயராணியின் பணி நிரந்தரக் கோப்பு பதினோரு வருஷமாக ஒரு மேசையை விட்டு அசையாமல் இருந்தது. அதே மேசைக்கு வந்த ராஜினாமாக் கோப்பு பதினோரு மணி நேரத்தில் எல்லாக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு திரும்பியது.

"விஜயா, நல்லா யோசி. அரசியல் சாக்கட. ஒனக்கு எதுக்கு? நான் எத்தன வருஷமா..." என்று ஆரம்பித்தார் ஆதிமூலம். உலகநாதன்மேல் பட்ட பொறாமைக்கு நடுவில் ஒரு கடல் இருந்தது. இது அடுப்பங்கரையில் நின்று இவருக்கே காபி ஆற்றிக்கொண்டிருந்தது.

"அந்தப் பரீட்ச பாஸ் பண்ணப்ப ஒங்களக் கேட்டேன். வேணாம்னிங்க, வுட்டுட்டேன்" என்றாள் விஜயராணி. "இப்ப நான் ஒங்களக் கேக்கவே இல்லையே."

வேட்புமனுத் தாக்கல் அன்று வில்லியனூரில் மேளம், பட்டாசு. தேர்தல் அதிகாரி முன்னால் வேட்பாளர் நாற்காலியில் விஜயராணி உட்கார்ந்திருந்தாள். படிவம் நிரப்ப சட்டம் தெரிந்த ஆள் வேண்டும் என்று ஆதிமூலத்தைப் பக்கத்தில் நிற்க வைத்திருந்தார்கள். வேட்பாளர் பெயரை எழுதினார். அடுத்த கட்டத்தில் 'தந்தை அல்லது கணவர் பெயர்' என்றிருந்தது.

ஆதிமூலம் பேனாவை உதறிக்கொண்டார். சட்டைக்கையை மடித்துக்கொண்டார். தன் முழுப் பெயர், தகப்பனார் பெயரின் முதலெழுத்து, படித்த பட்டங்கள், வழக்கறிஞர் என்று எல்லாவற்றையும் முத்து முத்தாக எழுதினார்.

தேர்தல் அதிகாரி எட்டிப்பார்த்தார். "சார், கட்டத்தத் தாண்டிடுச்சு. செல்லாது" என்று புதுப் படிவத்தை நீட்டினார். "பேரு மட்டும் போதும். கொஞ்சம் சின்னதா எழுதுங்க."